மூன்று சொட்டு

"பேர் சொல்ல மாட்டேன். சொன்னா அது புறணி. அதனால ஜெபக் குறிப்பா வைக்கிறேன்" என்றாள் ஜெயலீலா.

நியூஜெர்சி எடிசனில், சாந்தாமணி ஆன்ட்டி வீட்டில் சனிக்கிழமை ஜெபக் கூட்டம். கார்ப்பெட்டில் பதினாலு பேர். ஜெபக் குறிப்பு என்றதும் மூட வேண்டிய கண்களெல்லாம் நன்றாகத் திறந்துகொண்டன.

"நம்ம சபையில ஒரு இளம் சகோதரி. சண்டே ஸ்கூல் டீச்சர். இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு, கஞ்சாக் கடையிலேர்ந்து வெள்ளைப் பையோட வெளிய வர்றா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். பாரத்தோட ஜெபிப்போம்."

சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கும் இளம் சகோதரி ஒரே ஒருத்திதான். அத்தனை தலைகளும் ஃபெபி பக்கம் திரும்பின.

ஃபெபி மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

"அது மருந்து ஆன்ட்டி. டாக்டர் பாத்து, ஸ்டேட்ல ரெஜிஸ்டர் பண்ணி வாங்குறது. ஆங்ஸைட்டிக்கு."

"கவர்மென்ட் கார்டு குடுத்தா கர்த்தரும் கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"பயத்தை அடக்க நம்ம மூளையே அந்த மாதிரி ஒண்ணைச் சுரக்குது ஆன்ட்டி. எண்டோகானபினாய்டுன்னு பேரு. எல்லாருக்கும் இந்த மருந்து ஒத்துக்காது, ஆனா சிலருக்கு..."

"உன் மூளையில சுரக்கும். நான் கான்வென்ட்ல படிச்சவ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெயலீலாவுக்கு அது போதும்.

"பயத்துக்கு மருந்து எதுன்னு எங்க வீட்டுல வந்து பாரு. எட்டு மாசம் முந்தி இவங்க நாலு பேர் நடுவுல உக்காருவாங்களா?" மூலையில் இருந்த கணவர் சுந்தர்சிங்கைக் கை காட்டினாள். "ஆராதனை நடுவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு பார்க்கிங் லாட்டுக்கு ஓடுவாங்க. டாக்டர்கிட்ட போகட்டுமான்னாங்க. பைத்தியக்கார டாக்டர் வாசலை மிதிச்சா காலை ஒடிப்பேன்னுட்டேன். அப்புறம் யாரோ ஊழியக்காரர் ஜெபிச்சுக் குடுத்த எண்ணெய்னு இவங்களே கொண்டுவந்தாங்க. தினம் நான் ஜெபம் பண்ணி, என் கையால நாக்குக்கு அடியில மூணு சொட்டு. இப்போ சர்ச்ல முதல் வரிசை!"

"அல்லேலூயா! எனக்கும் ஒரு பாட்டில் சொல்லி வை லீலா" என்றார் சாந்தாமணி ஆன்ட்டி.

"ஏற்கெனவே ஆறு பேர் கேட்டிருக்காங்க ஆன்ட்டி. எங்க பாட்டிலே நேத்தோட காலி."

முதல் வரிசைக்காரரின் வலது முழங்கால் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அடுத்தவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது?

"நாளைக்கே பாஸ்டர்கிட்ட பேசப்போறேன். கஞ்சாக்காரி கையில நம்ம பிள்ளைங்களை விடுறதா? ஆமா, ஆங்ஸைட்டிங்கிறியே, அப்படி என்னம்மா பயம் உனக்கு? சொல்லேன், கேப்போம்."

ஃபெபி ஒரு நொடி மூலையைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்ல முடியாது ஆன்ட்டி. கிளாஸை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அஞ்சு வருஷமாக எடுக்கிற கிளாஸ்.

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா!" ஜெயலீலா பாய்ந்து அந்தப் பையைப் பிடுங்கினாள். ஸ்டேப்பிளோடு கிழித்தாள்.

உள்ளே பிரவுன் கலரில் ஒரு குட்டி பாட்டில். சொட்டு விடும் ரப்பர் மூடி. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் கையும் களவுமாக ஒருத்தி சிக்கியபின் யோசித்துக்கொண்டு நிற்கிற வழக்கம் ஜெயலீலாவுக்குக் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த சுத்தமான உச்சரிப்பில், ஹால் முழுக்கக் கேட்கும்படி லேபிளை வாசித்தாள்.

"கேர்கிவர், ஃபெபி. பேஷன்ட்..."

அதோடு நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? வாசி" என்றார் சாந்தாமணி ஆன்ட்டி.

வாசித்தது அவள் இல்லை.

"பேஷன்ட், சுந்தர்சிங்."

அவர் எழுந்து நின்றிருந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் அத்தனை பேர் முன்னாலும் நின்றார்.

"உனக்குப் பயந்து லேபிளைக் கிழிச்சுட்டுத்தான் மாசாமாசம் உன்கிட்ட குடுத்தேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது, என்னைப் பாத்துக்கிறவளா, கேர்கிவரா, தன் பேரைக் குடுத்து எனக்காகக் கடை வாசல்ல போய் நின்னது எல்லாம் இந்தப் பிள்ளைதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

மூச்சு வாங்கியது. கையை நீட்டினார்.

"இன்னும் ஜெபம் முடியல லீலா. எப்பவும்போல அந்த மூணு சொட்டையும் உன் கையாலேயே குடு."