ஆலை வாசலில் ஒரு தூக்கம்

மறுபடியும் வேடியப்பனை உலுக்கி எழுப்பினார்கள்.

கண்ணைத் திறந்தால் முன்வண்டி டிரைவர் அஜித்தின் முகம். பக்கத்தில் பின்வண்டி டிரைவர். உச்சி வெயில். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகளின் வரிசை ஒரு முழம்கூட நகர்ந்திருக்கவில்லை.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல மாமா. நீ தூங்கு."

தூங்குகிறவனை எழுப்பி, தூங்கு என்று சொல்கிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். வேடியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, டிரெய்லர் நிழலில் சாக்கை உதறிப் போட்டான்.

அவன் குறட்டை அந்த ஆலையில் பிரசித்தம். அதைக் கேட்டு, முன்வண்டி கிளம்பிவிட்டதென்று பின்வண்டிக்காரன் கியரைப் போட்டு முட்டியிருக்கிறான். சங்கு ஊதிவிட்டதென்று ஷிப்டு ஆட்கள் தூக்குச்சட்டியோடு வீட்டுக்கே போய்விட்டதாகவும் சொல்வார்கள். முட்டியதற்கு மட்டும் சாட்சி உண்டு.

குறட்டைகூடப் பரவாயில்லை. நடுநடுவே மூச்சு நின்றுபோகும். பிறகு கிணற்றில் முங்கி எழுந்தவன்போல ஒரு வாங்கு வாங்குவான். இரவெல்லாம் இப்படியென்றால் பகலில் கண் சொருகாதா? சொருகியது. ஒருநாள் அவன் ஓட்டிய டிராக்டர் கரும்போடு வாய்க்காலில் இறங்கியது.

"இன்னொரு தபா கண் அசந்த, சாவி வேற ஆள் கைக்குப் பூடும்" என்றார் டிராக்டர் முதலாளி.

கள்ளக்குறிச்சி டாக்டர், முகத்தில் குழாய் மாட்டிக்கொண்டு படுக்கிற மெஷின் ஒன்றைக் காட்டினார். அதைப் பார்த்ததும் வேடியப்பன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான்.

"இந்த நடைதாம்ப்பா. இதையே தினம் நட. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்ல, ஆயுசு முழுக்க" என்றார் டாக்டர்.

நடந்தான். ஆனால் வேலையில்லாமல் நடக்கிறவனை இங்கே யார் சும்மா விடுகிறார்கள்? 'எங்க போற, இன்னா விசேஷம், யாருக்கு ஒடம்பு சரியில்ல?' பதில் சொல்லியே மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரு காலி டீசல் கேனைக் கையில் பிடித்துக்கொண்டான். டீசலுக்குப் போகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

தொப்பை கரைந்தது. கைலியை இரண்டு சுற்று அதிகம் சுற்ற வேண்டியிருந்தது. ஆனால் எழுப்புவது மட்டும் நிற்கவில்லை. இங்கே இவர்கள். வீட்டில் மனைவி இருசம்மாள், "ஆடு கத்துது, இன்னான்னு பாரு" என்று எழுப்புவாள். பாதித் தூக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுப்பான்.

போதும். கேனை வாய்க்காலில் வீச ஓங்கினான்.

"ஏன் மாமா?" அஜித் கையைப் பிடித்தான்.

"நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். இன்னும் குறட்டை வுட்டுக்கினுதான கெடக்கறேன்?"

"குறட்டையா? பொங்கலுக்கு அப்புறம் நீ வுடவே இல்லியே."

"பின்ன எதுக்குடா எழுப்புறீங்க?"

"அத்ததான சொல்லிச்சு, 'சத்தம் நின்னா ஒடனே தட்டி எழுப்புங்க'ன்னு. இப்ப நீ படுத்தா சத்தமே இல்ல. உசுரோட கீறியா இல்லியான்னு நாங்க எப்படிப் பாக்கறது?"

வேடியப்பன் ஓங்கிய கையை இறக்கினான்.

வீட்டு ஆட்டைத் தீபாவளிக்கே விற்றாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

கேனைப் பத்திரமாகத் தலைமாட்டில் வைத்துப் படுத்தான். கண்ணை மூடினான். அஜித் நகரவில்லை. குனிந்து மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. தொண்டையைச் செருமி, பழைய சுதியில் ஒன்றை எடுத்துவிட்டான்.

அஜித்தின் முகம் மலர்ந்தது. போய்த் தன் சாக்கில் விழுந்தான். அந்தச் சத்தம் கேட்ட தைரியத்தில் வண்டி வண்டியாகக் கண்கள் மூடின.

கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது. வேடியப்பன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.