நாலாவது பேரிங்

"யமீலா! அடுப்புல பன்னிக்கறி கருகுது பாரு!"

முற்றத்திலிருந்து எவேலியோ கத்தினார். "இங்க ஒண்ணும் கருகலைப்பா, இன்னும் வேகவே இல்லை" என்று சமையலறையிலிருந்து மகள் பதில் சொன்னாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றிவந்தார். நாற்றம், ரெய்னியேர் இப்போதுதான் கொண்டுவந்து நிறுத்திய ஐம்பத்தொன்றாம் வருஷத்து மாடல் டாக்சியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ரெய்னியேர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் ரம் பாட்டிலுமாக நின்றான். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் யமீலாவைப் பெண் கேட்க வேண்டும். ஆனால் மெக்கானிக் எவேலியோவின் நிபந்தனை மரியானோ பேட்டை முழுக்கத் தெரிந்ததுதான்: எஞ்சின் தேய்ந்து 'தட் தட்' என்று தட்டுகிற வண்டிக்காரனுக்குப் பெண் கிடையாது.

"வண்டி தட்டவே இல்லை, கேட்டீங்களா மாமா?"

"யாருடா மாமா? அதெல்லாம் அப்புறம். முதல்ல பானெட்டைத் திற."

எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். மூன்று வரைக்கும் ஒன்றுமில்லை. நாலாவதைக் கழற்றினாரோ இல்லையோ, அடியில் தலையணையால் வாயைப் பொத்தியது போலக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு 'தொப் தொப்' சட்டென்று நின்றது. மாட்டினார், மறுபடி வந்தது.

எவேலியோவின் முகம் கோணிக்கொண்டது. பேன்ட் நழுவாமல் இடுப்பில் கட்டியிருந்த ஒயரை இன்னொரு முறுக்கு முறுக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். எண்ணெயை வடித்து, ஆயில் சட்டியை இறக்கி, ராடும் சுழல்தண்டும் சேருமிடத்து நாலாவது பேரிங்கின் மூடியைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது இரண்டு விரலால் எதையோ தள்ளிப் பிடித்திருந்தார். கருகி, எண்ணெயில் ஊறி, எலிவால் மாதிரி சுருண்ட ஒரு தோல் துண்டு.

"த்தூ!" முற்றத்திலேயே துப்பினார். "பேரிங்ல ஈயம் பாதிக்கு மேல தேஞ்சு போச்சு. உருக்கி வார்த்து, பதமாச் சுரண்டிப் பொருத்தினா பத்து வருஷம் ஓடும். அதை விட்டுட்டுத் தோலை வச்சுச் சத்தத்தை அமுக்கியிருக்கான் ஒரு நாதாரி! நாளைக்கே ராடு ஒடிஞ்சு எஞ்சினைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். உள்ள உட்கார்ந்திருக்கிற ஜனங்க என்னடா ஆவாங்க? யார் பார்த்த வேலை இது?"

ரெய்னியேர் தோலைப் பார்த்தான். சமையலறை வாசலைப் பார்த்தான். "நான்தான்" என்றான்.

"நீயா? சரி, சொல்லு. தோலோட சொரசொரப்பை எந்தப் பக்கம் வச்சே? மூடிப் பக்கமா, தண்டுப் பக்கமா?"

"அது... தண்டுப் பக்கம்."

எவேலியோ துண்டைத் திருப்பிப் பார்த்தார். வழவழப்பான பக்கம்தான் தண்டு உரசி உரசிக் கண்ணாடியாக மின்னியது. "பொய்கூட ஒழுங்காச் சொல்ல வரலை உனக்கு! எவனோ திருட்டுப்பய கையில காசைத் திணிச்சுச் செஞ்சுக்கிட்டே. சீச்சீ, உன்னைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு. போன வருஷம் கார்டெனாஸ் டீச்சரம்மாவுக்குப் பச்சை வண்டி வித்தேனே, இன்னிக்கு வரைக்கும் அந்தம்மா ஒரு குறை சொல்லி வந்திருப்பாங்களா? தொழில்னா அது! இந்தக் கேவலத்தைச் செஞ்ச கை என் வீட்டு மேசையில படக்கூடாது. பாட்டிலை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு!"

ரெய்னியேர் பாட்டிலோடு வாசலைப் பார்க்கத் திரும்பினான். முதுகுப் பக்கம் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

"நில்லுங்க ரெய்னியேர்." யமீலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அப்பா, அவர் மேல பாயாதீங்க. வியாழக்கிழமை அவர் வீட்டு முற்றத்துல படுத்துக்கிட்டு சட்டியை இறக்கித் தோலை வச்சது நான். அவருக்கு நட்டு எந்தப் பக்கம் திருகும்னே தெரியாது. உங்க நிபந்தனைக்குப் பயந்துதான் செஞ்சேன். இன்னிக்குப் பேச்சு முடிஞ்சதும் நானே ஈயம் வார்த்துக் கொடுக்கிறதா இருந்தேன்."

எவேலியோவின் கை தானாக இடுப்பு ஒயருக்குப் போயிற்று. "அப்ப இந்தத் தோல்..."

"உங்க பெல்ட்டுதான்."

"அடிப்பாவி!" அவர் தோல் துண்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "என் ரத்தம்தானா நீ? இந்தக் கேடுகெட்ட வித்தையை எவன்டி உனக்குக் காட்டிக் கொடுத்தான்?"

"டீச்சரம்மா வண்டிக்கு நீங்க தோல் வச்சப்போ, பக்கத்துல டார்ச் பிடிச்சது யாருப்பா?"

எவேலியோ கையிலிருந்த துண்டை எங்கே போடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

யமீலா ரெய்னியேரின் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு, அவனை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"செஞ்ச கை மேசையில படக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அப்ப இன்னிக்கு இவர் மட்டும்தான் சாப்பிடலாம்."