வந்தவர் ஒருவர்

நகராட்சிக் கூடத்தில் மனுப் போட்டவர்களுக்காக முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். இருபத்தொன்பது காலி.

மூன்றாம் வரிசை ஓரத்தில் தையலக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு மணிக் கூட்டத்துக்குப் பத்தேகாலுக்கே வந்துவிட்டாள். படி கண் எதிரே இருக்க, பழக்கதோஷத்தில் கட்டடத்தைச் சுற்றிப் போய்ச் சாய்தளத்தைத் தேடி ஏறி வந்தாள். பதினாலு வருடம் சக்கர நாற்காலி தள்ளிய கால், படியை எங்கே கண்டது?

விஷயம் இதுதான். தானாக உட்காரவோ சாப்பிடவோ முடியாத பிள்ளைகளைக் காலையில் நாலு மணி நேரம் பார்த்துக்கொள்ள நகராட்சி ஒரு மையம் நடத்தி வந்தது. போன வருடம் நிதி இல்லை என்று பூட்டிவிட்டார்கள். அதைத் திறக்கச் சொல்லி இருபத்து மூன்று பேர் மனுப் போட்டார்கள்.

இன்று முடிவு. இன்று விட்டால் அடுத்த பட்ஜெட் வரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மனுப் போட்டவர்களில் பத்துப் பேராவது நேரில் வர வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தைக் கொண்டுபோய்ப் பகல் பதினோரு மணிக்கு வைத்தார் எந்தப் புண்ணியவானோ. அந்த நேரத்தில்தான் ஒருத்தி மூக்குக் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி வலிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எதிரே உறுப்பினர்களோடு உட்கார்ந்திருந்த நகராட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. காலி நாற்காலிகளைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

“இவ்வளவு பேர்தானாம்மா? நிஜமாவே தேவை இருந்தா வந்திருக்க மாட்டாங்களா?”

தையலக்கா எழுந்தாள். இரண்டு பக்கம் எழுதி, மெஷினை மிதித்துக்கொண்டே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எழுந்த நிமிஷத்தில் அத்தனையும் போன இடம் தெரியவில்லை.

“ஐயா, பிள்ளையை விட்டுட்டு வர ஒரு ஆள் இருந்தா, அவங்க எதுக்குங்க மையம் கேக்கப் போறாங்க? வர முடியலைங்கிறதைத்தானே மனுவுல எழுதியிருக்கோம்.”

உறுப்பினர்கள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சும் வரும். பக்கத்து நாற்காலியின் முதுகைத் தொட்டு, இது டீச்சரம்மா இருக்க வேண்டிய இடம், வேலையை விட்டு அஞ்சு வருஷமாச்சு என்றாள். அடுத்தது லாரிக்காரர், சம்சாரம் விட்டுப் போனபிறகு மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டுதான் லாரி ஓட்டுகிறார். அதற்கடுத்தது இரட்டைப் பிள்ளைக்காரி. பல் வலி வந்து மூன்று மாதம், டாக்டரிடம் போக அரைமணி நேரம் கிடைக்கவில்லை, கன்னம் வீங்கிப் போய்க் கிடக்கிறாள்.

அப்படியே ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுக்கொண்டு போனாள். நடுவில் ஓர் உறுப்பினர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டுமே. இருபத்திரண்டு நாற்காலிக்கு ஆள் சொல்லி முடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

தலைவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, வந்தவர் ஒருவர், வர முடியாதவர் இருபத்திரண்டு பேர், எல்லாரையும் சேர்த்தே எழுதுங்கள் என்றார். நிதி ஒதுக்கலாம், அடுத்த மாதமே திறக்கலாம் என்று முடிவாயிற்று.

உறுப்பினர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள்.

தையலக்கா தனியாக நின்றாள். யார் கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்?

குமாஸ்தா பதிவேட்டோடு வந்தான். சின்ன வயசு. முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லாப் பேசினீங்கம்மா. ஒண்ணாந்தேதி முதல் ஆளா உங்க பையனைக் கூட்டிட்டு வந்துடுங்க.”

“சரிங்க” என்று கையெழுத்துப் போட்டாள்.

கூட்டத்துக்கு யார் போவது என்று போன வாரம் எல்லோரும் போனில் கூடிப் பேசினார்கள். இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு காரணம். ஒன்றும் சாக்கு இல்லை, எல்லாம் உண்மை. கடைசியில் இரட்டைப் பிள்ளைக்காரிதான் வாயைத் திறந்தாள். மனசில் பட்டதை அப்படியே கொட்டிவிடுகிற ஜென்மம் அது.

“நீ போயேன் அக்கா. இப்போ உனக்குத்தான் யாரையும் விட்டுட்டுப் போக வேண்டியதில்லையே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கம் அவள் விம்முவது எல்லோருக்கும் கேட்டது.

தையலக்காவின் பையன் போய் அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

“அழாதடி, நான் போறேன்” என்று அவள்தான் சமாதானம் சொன்னாள்.