பூட்டாத பீரோ

மனுஷன் செத்துக்கொண்டிருக்கும்போது பேரம் பேச வருகிறவளை என்ன செய்யலாம்?

"அண்ணே, அந்த பீரோவைப் பாதி விலைக்குத் தர்றீங்களா?"

வாசலில் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரம்மா, இடுப்பில் கை வைத்தபடி. உள்ளே, விலை போகாத ஒரு சோபாவில் பழைய சாமான் கடைக்காரர், நெஞ்சைப் பிடித்தபடி. படபடப்பு, வேர்வை, மரத்துப்போன விரல்கள். இத்தோடு கதை முடிந்தது என்கிற நிச்சயம்.

கடைத்தெருவில் அவருக்குக் 'கறார்' என்று பெயர். தலையில் நாற்காலி சுமந்து தெருத்தெருவாக விற்றுக் கடை போட்டவர். அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது, டாக்டரைத் தவிர.

போன மாதம் இதே படபடப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இதயம் நல்லா இருக்கு. இது பேனிக் அட்டாக். மனசு திடீர்னு மிரண்டு போறது."

"நல்லாப் பாருங்க டாக்டர். சின்னதா ஒரு அடைப்பாவது இருக்கும்."

"இல்லை."

"சரி, ஒரு வால்வு... லேசா?"

"இல்லைங்க! இது நிறையப் பேருக்கு வர்றதுதான். சரி பண்ணிடலாம். வந்தா மூச்சை மெதுவா விடுங்க, மனசை வேற எதுலயாவது திருப்புங்க. கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லி வையுங்க. அடுத்த வாரம் வாங்க, பேசுவோம்."

கறார் போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. எப்படிச் சொல்வது? மாரடைப்பு என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. நாலு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். 'கறாருக்குப் பயமாம்' என்று தெரிந்தால், மறுநாள் எவன் அவர் சொன்ன விலையைக் கொடுப்பான்?

அதனால் கேட்டவர்களிடமெல்லாம் "கேஸ்" என்றார். ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். மறுக்க முடியாமல் எல்லாவற்றையும் குடித்ததில், நிஜமாகவே கேஸ் வந்ததுதான் மிச்சம்.

"என்னண்ணே, பதிலையே காணோம்? பாதி விலை."

"ஏம்மா... நானே மூச்சு விட முடியாம..."

"மூச்சை மெதுவா விடுங்க, விலையைச் சீக்கிரம் சொல்லுங்க. பூட்டினா திறக்காது, திறந்தா பூட்டாது. இதெல்லாம் ஒரு பீரோவா?"

கறாருக்கு எங்கேயோ சுருக்கென்றது.

"தேக்கும்மா அது!"

"தேக்கா? கரையான்கூடச் சீண்டலை. அதுக்கே பிடிக்கலை போல."

"கரையான் சீண்டலைன்னாத்தாம்மா தேக்கு!" நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடியில கீறல் வேற."

"கீறலா? டிசைன்!"

எழுந்தே விட்டார். 'எப்படிப்பட்ட மரம் பார்' என்று பீரோவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"சரிண்ணே, யோசிச்சுட்டு வர்றேன்" என்று அவள் திரும்பினாள்.

எப்போதும் இதே கூத்துதான். அவர் சாகக் கிடக்கிற நேரமாகப் பார்த்து வருவாள், பாதி விலை கேட்பாள், தொண்டை வறளக் கத்த வைப்பாள், வாங்காமல் போவாள். போதாக்குறைக்கு, வியாபாரம் இல்லாத நேரத்தில் தன் கடைப் பாத்திரங்களையெல்லாம் தரையில் இறக்கி மறுபடி அடுக்குவாள். டங்கு டங்கென்று காதைப் பிளக்கும். இதயம் இல்லாதவள். தனக்காவது இருக்கிறது, அதுவும் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தார்.

"நில்லும்மா! பாதி விலைதானே? எடுத்துக்கோ!"

வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, வேணாம்ணே."

"அதுலயும் பாதி கொடு. எடு!"

"சும்மா கொடுத்தாலும் வேணாம்ணே."

"அப்புறம் எதுக்கும்மா தினமும் வந்து என் உயிரை வாங்குறே?"

அவள் உள்ளே வந்தாள். தெருவுக்குக் கேட்காதபடி குரலை இறக்கினாள்.

"இதை வித்துட்டீங்கன்னா, அடுத்த தடவை உங்களுக்கு நெஞ்சு படபடன்னு வர்றப்போ நான் எதைக் கேட்டு வர்றது?"

கறார் மெல்ல நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். படபடப்பைக் காணோம். தேக்கில் போனதா, கரையானில் போனதா, அதுவும் தெரியவில்லை.

ஆனாலும் கறார் இல்லையா? பின்னால் ஒளித்த கைப்பிடியோடு விறைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் வரலைம்மா. வெறும் கேஸ்!"

"எனக்கும் அதே கேஸ்தாண்ணே. வாராவாரம் டாக்டர்கிட்ட போய்ப் பேசிட்டு வர்றேன். நடுவுல வந்தா பாத்திரத்தை இறக்கி அடுக்குவேன்" என்றாள் அவள். "சத்தம் ரொம்பக் கேட்டா, நீங்களும் வந்து ஒரு அண்டாவைப் பாதி விலைக்குக் கேளுங்கண்ணே."