இலைக்குள் போன கோடு

ஏழாம் வகுப்பு நஸ்ரினிடம் ஒரு பென்சில் இருந்தது. ஒளிச்சேர்க்கை விடையை முப்பது தடவை எழுதி எழுதியே அது கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அப்படியும் இரண்டு தேர்வுகளில் அந்தக் கேள்விக்கு அவள் முட்டைதான் வாங்கினாள். மறுநாள் மூன்றாவது தேர்வு.

"இன்னைக்கும் எழுதினா நான் மிஞ்ச மாட்டேன்," என்று பென்சில் பக்கத்தில் கிடந்த ரப்பரிடம் புலம்பியது.

அன்று நஸ்ரின் எழுதவில்லை. தாளின் நடுவில் பெரிதாக ஓர் இலையை வரைந்தாள். சூரியனிலிருந்து ஒரு கோடு, வேரிலிருந்து ஒரு கோடு என இலைக்குள் இழுத்தாள். காற்றிலிருந்து கிளம்பிய கோடு மட்டும் இலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டா?" என்றது ரப்பர்.

"காத்து எப்படி உள்ளே போகும்னு தெரியலை போல. முப்பது தடவை எழுதியும் எனக்கே தெரியலையே!" என்றது பென்சில்.

"அழிச்சிடட்டுமா?"

"இரு, பார்ப்போம்."

நஸ்ரின் புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு இலையில் குட்டிக் குட்டித் துளைகளைப் போட்டு, கோட்டை அவற்றின் வழியாக உள்ளே இழுத்தாள்.

"அட, இலைக்கு வாய் இருக்கு!" என்று பென்சில் கத்தியது. "அது எப்பவாவது மூடுமா?"

நஸ்ரினுக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். துளையிலிருந்து புதுக் கோடு ஒன்றை இழுத்து, அதன் முனையில் கேள்விக்குறி போட்டாள்.

மறுநாள் மாலை தேர்வு முடிந்து அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"நல்லா எழுதியிருக்கா!" என்று ரப்பர் துள்ளியது.

"அது சரி," என்றது பென்சில். "அந்த வாய் மூடுமா, மூடாதா? டீச்சர்கிட்ட கேட்டாளா இல்லையா?"