காலடி ஸ்பீக்கர்

“நேத்து நான் வாசிச்சதை மட்டும் தனியா பிரிச்சுக் குடுப்பா. என் வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டணும்” என்று சவுண்டுக்காரனிடம் சொல்லிக்கொண்டே, ஆளில்லாத மியூசிக் கிளப்புக்குள் நுழைந்தார் கீபோர்டுக்காரர்.

முந்தின நாள் மாலை அந்த மேடையில்தான் அவருடைய ராக் குழுவுக்கு விடிவுகாலம் பிறந்திருந்தது. கடைசி மேசையில் உட்கார்ந்து கேட்ட ரெக்கார்டிங் கம்பெனிக்காரர், எல்லாம் முடிந்ததும் மேடையேறி, கீபோர்டுக்காரரின் தம்பியான பாடகனின் கையைப் பிடித்து, “ஆல்பம் போட்டுடலாம்” என்றுவிட்டார்.

“காலையில முதல் வேலையா ஆபீஸ்ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். பதினாறு வருஷ உத்தியோகம். அவ ஒரே அழுகை. என் வாசிப்பைக் கேட்டா வாயடைச்சுப் போயிடுவா.”

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சவுண்டுக்காரனின் கை நின்றது. “அவசரப்பட்டுட்டீங்களேண்ணா.”

“என்னப்பா அவசரம்? கம்பெனிக்காரர் என்னையேதான் பார்த்துட்டிருந்தாரு. என் காலடி ஸ்பீக்கர்ல எப்படிக் கணீர்னு கேட்டுச்சு தெரியுமா!”

“அது உங்களுக்கு மட்டும் கேக்குற ஸ்பீக்கர்ணா.”

“தெரியும். ஹால்லயும் அப்படித்தானே கேட்டிருக்கும்?”

சவுண்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். “ஹாலுக்குப் போற லைன்ல உங்க கீபோர்டைச் சத்தம் வராம மூடி வெச்சிருந்தேண்ணா. ரெக்கார்டிங்லயும் இருக்காது. உங்க தம்பி சொல்லித்தான்.”

அவர் கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“நேத்து மட்டுமா?”

“முதல் ஷோவிலேர்ந்தேண்ணா. ‘எங்க அண்ணன் மனசு நோகக் கூடாது, பாவம், வாசிச்சுட்டுப் போகட்டும்’னாரு.”