ஏறி நின்ற தண்ணீர்

"தம் கட்டுறீங்க இல்ல?" என்றாள் சிஸ்டர் கார்த்திகா.

"நானா?" என்றார் எத்திராஜ்.

அந்த ஒரு வார்த்தைக்காக வாயைத் திறந்ததுதான் தாமதம். கட்டிலுக்குப் பக்கத்துக் குழாயில் ஏறி நின்ற தண்ணீர் மளமளவென்று இறங்கியது. மனுஷன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

ஆவடியில் அந்த ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வுக்கு அவர் வந்து ஐந்து நாள் ஆகிறது. டாங்க் ஃபேக்டரியில் வெல்டர். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர். கழுத்து நரம்பு வழியாக இதயத்தின் வாசல் வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை விட்டு, மறுமுனையைக் கட்டில் ஓரம் ஸ்கேல் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். இதயம் திணறினால் அதில் தண்ணீர் ஏறி நிற்கும்; மூச்சை அடக்கி முக்கினாலும் ஏறி அப்படியே நிற்கும். தேறினால் இறங்கும். மூச்சு விடும்போதெல்லாம் லேசாக ஆடும்.

இரண்டு நாளாக அளவு பார்க்கும்போது அது ஆடவே இல்லை. கார்த்திகாவுக்குச் சந்தேகம் வந்தது அதனால்தான்.

"டாக்டர் தலையைப் பிச்சிக்கிறார். இட்லி சாப்பிடுறார், ஜோக் அடிக்கிறார், தண்ணி மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குதுன்னு. இதை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தா உங்க கிட்னி என்னத்துக்கு ஆகும்? கழுத்துல குழாய் இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி பயம் வேற. விளையாட்டா இது?"

"டாக்டராண்ட சொல்லிடாதம்மா."

"கேஷுவால்டில ஒரு அம்மா இந்தப் பெட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு ஏ.சி. சுகமா இருக்கு போல."

எத்திராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வயசுக்கு மேல் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வேஷம் போடுகிற ஆளிடம் என்னதான் பேசுவது என்று கார்த்திகாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அதற்குள் பார்வை நேரம். அவருடைய மனைவி பார்வதம், மேலே பச்சை கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐந்து நிமிஷம்தான் அனுமதி.

"ராத்திரி நல்லா தூங்குனியா?" என்றார் எத்திராஜ் முதல் வேலையாக.

"படுத்ததுதான் தெரியும். பால்காரன் பெல் அடிச்சப்புறம்தான் முழிச்சேன்."

"முட்டி வலி?"

"அது எங்கியோ ஓடிப்போச்சு. பட்டாபிராம்ல ட்ரெயின் ஏறுனா உக்கார எடம் கெடச்சுது. ராணி மாதிரி வந்தேன்."

கார்த்திகா திரும்பிப் பார்த்தாள். தினமும் அதே காலை ட்ரெயினில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறவள் அவள். பார்வதம் அவள் கண்ணைச் சந்திக்காமல் கணவனின் போர்வையைச் சரிசெய்தாள். நேரம் முடிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வெளியே போனாள்.

எத்திராஜ் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியா சிஸ்டர், மூஞ்சி எப்டி தெளிஞ்சி கீது? இதுக்குத்தான்."

"எதுக்கு?"

"நான் இங்க கீற வரைக்கும் யாரையும் கூட இருக்க உட மாட்டீங்க. அவ ஊட்டுக்குப் போயி படுப்பா. தண்ணி எறங்கிச்சுன்னு வார்டுக்கு மாத்திட்டா, கூட ஒரு ஆள் வேணும்னுவீங்க. புள்ள புனேல கீறான். அவதான் இருக்கணும். ஒரு மாசமா எனக்கு மூச்சு வாங்கிகினு இருந்திச்சா, ராவெல்லாம் உக்காந்து முதுவ தடவிகினே இருந்தாம்மா அவ. இப்பதான் கண்ணை மூடுறா. இன்னும் ரெண்டு நாள் தூங்கட்டுமேன்னு..."



கார்த்திகாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டம்மா சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. இருந்தாலும் சொல்லிடுறேன். நீங்க வந்த நாள்லேர்ந்து அவங்க வீட்டுப் பக்கமே போகலை."

"இன்னாம்மா சொல்ற?"

"அதோ, அந்தக் கதவுக்கு வெளியில, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் இருக்கு. ராத்திரி பகலா அதுலதான் உக்காந்திருக்காங்க. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிக்கிறாங்க. வீட்டுக்குப் போங்கம்மான்னு நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான் தூங்குனேன்னு கதை சொல்றாங்க."

எத்திராஜ் அந்தக் கதவைப் பார்த்தார். கண்ணோரம் நனைந்தது.

"வார்டுன்னா, கூட இருக்கிறவங்க காலை நீட்டிப் படுக்க ஒரு பெஞ்சாவது போடுவோம்யா" என்றாள் கார்த்திகா.

எத்திராஜ் மூச்சை முழுசாக வெளியே விட்டார்.

"இப்ப அளந்து பாரு சிஸ்டர். டாக்டரையும் கூப்டு. அவ சீக்கிரம் படுக்கணும்."